அம்மாவ பிஸ்னஸ் கிளாஸில ஏத்த மைல்ஸ் கிடக்கு, சீட் இல்லையாம். ஆருக்கும் வழி தெரியுமோ?

உப்புவெளிக்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ, மூண்டு மாசத்து வயித்தெரிச்சல் இது.

நான் ஆறு வருசம் வளைகுடாவில சைட் சூப்பர்வைசரா நிண்டனான். லீவுக்கு வந்துபோறது, கொம்பனி வேற நாட்டு சைட்டுக்கு அனுப்பினது எல்லாம் ஒரே எயார்லைனிலதான், பேர் வேண்டாம். கார்ட்டில சேர்ந்த பொயின்ற்ஸையும் அவங்கட கணக்குக்கே மாத்தி மாத்தி இப்ப 1,12,000 மைல்ஸ் கிடக்கு, அதாவது பறக்கப் பறக்க எயார்லைன் கணக்கில சேருற புள்ளி, அதைக் குடுத்து ரிக்கெட்டோ நல்ல சீட்டோ எடுக்கலாம். போன வருசம் ஊரோட வந்திட்டன், இனி பறக்கிற யோசினை இல்ல, அதால இத அம்மாவுக்கு எண்டு வச்சிருந்தன். தங்கச்சி கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில, செப்டம்பர் நடுப்பகுதியில அவளுக்கு பிள்ளை பிறக்கப்போகுது, முதல் பிள்ளை. அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு முழங்காலும் சரியில்ல, கோணேசர் கோயில் படி ஏறுறதையே விட்டிட்டா. பதினாலு மணித்தியாலம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு எப்பிடி இருப்பா? மனிசி படுத்துக்கொண்டு போகட்டும் எண்டுதான் இவ்வளவும்.

விசா வந்தோட டவுனுக்குள்ள தெரிஞ்ச ஏஜென்சியில ஓகஸ்ட் 24க்கு ரிட்டேர்ன் ரிக்கெட் எடுத்திட்டன். உள்ளதுக்குள்ள மலிவு எண்டு சொல்லித்தான் பெடியன் தந்தவன். மைல்ஸால பிஸ்னஸ் கிளாஸுக்கு அப்கிரேட் பண்ணுவம் எண்டு எயார்லைனின்ர அப்பைத் திறந்தா முதல்ல எல்லாம் நல்ல வடிவாத்தான் காட்டுது, கொழும்பிலயிருந்து வளைகுடாவுக்கு 30,000, அங்கயிருந்து ரொறன்ரோவுக்கு 68,000, கூட்டினா என்னட்ட இருக்கிறதுக்குள்ள அடங்குது, சரி எண்டு அமத்தினா "இந்த ரிக்கெட்டுக்கு அப்கிரேட் செய்ய ஏலாது" எண்டு வருது. கோல் பண்ணினன். நாப்பது நிமிசம் பாட்டுக் கேட்டது. ஒரு பிள்ளை வந்து சீட் இல்லை எண்டிச்சு, அடுத்த நாள் வேற ஒராள் சீட் இருக்கு ஆனா உங்கட ரிக்கெட்டுக்குத் தரேலாது எண்டான், மூண்டாம் தரம் எடுத்தா அம்மா உங்கட கணக்கில இல்லையே எண்டு கேட்டாங்கள். அதே வெப்சைட்டில காசுக்கு எண்டு பாத்தா பிஸ்னஸ் கிளாஸ் 24ம் திகதிக்கு அஞ்சாறு சீட் விக்கக் கிடக்கு!

சரி, அப்கிரேட் வேண்டாம், புதுசா மைல்ஸ் ரிக்கெட்டா எடுப்பம் எண்டு தேடினா அந்தக் கிழமையில ஒரு நாளைத் தவிர ஒண்டுமில்லை, அந்த நாளிலயும் என்னட்ட இருக்கிறதைப்போல ரெண்டு மடங்கு கேக்குது. பத்தாததுக்கு இதில 44,000 மைல்ஸ் வாற பங்குனியோட காலாவதி. இது உண்மையிலயே குடுக்கிறதுக்கு எண்டுதான் வச்சிருக்கிறாங்களோ, இல்ல மாட்டுக்கு முன்னால வைக்கல் கட்டித் தொங்கவிடுற மாதிரியோ? விளங்கின ஆக்கள் சொல்லுங்கோ.


மட்டிக்களி_மச்சான்:

மச்சான், மைல்ஸை வித்து அம்மாவுக்கு ஒரு நல்ல தலகாணி வாங்கிக் குடு. பகிடி பகிடி. ஆனா ஒண்டு சொல்லுறன், என்ர மாமா ஒராள் எட்டு வருசம் சேர்த்து கடைசியா எடுத்தது ஒரு சூட்கேஸ். அந்த சூட்கேஸுக்கும் டெலிவரி காசு தனியாக் கட்டினவர்.


கிண்ணியா_நானா:

தம்பி, ஒங்கட கதைய வாசிக்க எனக்கு என்ட பழைய கதைதான் ஞாபகம் வருது. நானும் பதினொரு வருசம் அந்தப் பக்கம்தான்.

மூணு பேர் மூணு விதமாச் சொன்னாங்க என்டீங்க, மூணு பேரும் சொன்னது உண்மைதான், அதுதான் இதுல உள்ள வில்லங்கம். விமானத்துல சீட் இருக்கிறது வேற, மைல்ஸுக்கு என்டு ஒதுக்கின சீட் இருக்கிறது வேற, ஒங்கட டிக்கட் அப்கிரேட்டுக்குத் தகுதியா என்டது வேற. மூணு கதவு, மூணுக்கும் வேற வேற திறப்பு. மைல்ஸ் சீட் தனிப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ள இன்டைக்கு எத்தின சீட் போடலாம் என்டு கம்பியூட்டர் தீர்மானிக்கும், காசுக்கு வித்துப்போகும் என்டு அது நம்புற நாளுக்கு ஒன்டும் போடாது. நீங்க பாத்த அஞ்சாறு சீட்டும் காசுப் பெட்டில உள்ளது. சந்தையில மீன் இருக்கு, ஆனா கடனுக்கு இல்ல என்டு யாவாரி சொல்ற மாதிரி.

எனக்கு நடந்தது இன்னும் கேவலம். வாப்பா உம்மாவ உம்றாவுக்கு அனுப்புறத்துக்கு டிக்கட் எடுத்து, மைல்ஸால அப்கிரேட் போடுவம் என்டு போனா, டிக்கட் வித்தது ஒரு எயார்லைன், பறக்குறது கூட்டாளி எயார்லைன்ட விமானம். நம்பர் மட்டும்தான் இவங்கட. அப்பிடி டிக்கட்டுக்கு அப்கிரேட் இல்லவே இல்லயாம். அத டிக்கட்டுல சின்ன எழுத்துல போட்டுத்தான் இருந்திச்சு, ஆர் வாசிச்ச? கடைசில காலாவதியாகப்போகுது என்டு பயந்து டியூட்டி ஃப்ரீல ஒரு அத்தர் போத்தல் எடுத்தன். கணக்குப் போட்டுப் பாத்தா அந்த அத்தர் ஒரு ஆட்டுட விலை.

ஒங்கட டிக்கட்டுல கிளாஸ் என்டு ஒரு எழுத்து இருக்கும், அது என்ன என்டு பாத்துச் சொல்லுங்க. அதுலதான் விசயம்.


உப்புவெளிக்காரன்:

நானா, பாத்தன், "கியூ" எண்டு கிடக்கு. அதுக்குப் பக்கத்தில நீளமா ஏதோ எழுத்தும் இலக்கமும் கலந்து ஒரு குறியீடு. உங்கட மற்றக் கதையும் சரி, விமானம் அவங்கடதுதானோ எண்டு பாத்தன், ரெண்டு பறப்பும் அவங்கடதுதான், அதில தப்பினன்.


ஓர்ஸ்ஹில்_அக்கா:

தம்பி, நான் ரிக்கெட்டிங்கில பதினாறு வருசம், இப்பவும் அதுதான் சாப்பாடு, அதால கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். ரிக்கெட் போட்ட பெடியனத் திட்டவேண்டாம், மலிவாத் தா எண்டு கேட்டா மலிவாத்தான் தருவம். அப்கிரேட் பண்ணப்போறன் எண்டு நீங்கள் அவனுக்குச் சொன்னீங்களோ? ஒருத்தரும் சொல்லுறேல்ல, பிறகு வந்து சண்டை பிடிப்பினம்.

எக்கனமி எண்டா ஒரு விலை எண்டு சனம் நினைக்குது. ஒரே சீட், ஒரே சாப்பாடு, ஆனா உள்ளுக்குள்ள பத்துப் பன்னிரண்டு விலைப்படி இருக்கு, ஒவ்வொண்டுக்கும் ஒரு எழுத்து. வை, பி, எம் எண்டதெல்லாம் அனேகமா மேல்படி. கியூ, எல், கே மாதிரி எழுத்துகள் கீழ்ப்படி, எந்த எழுத்து எங்க நிக்கும் எண்டது எயார்லைனுக்கு எயார்லைன் மாறும். அந்த எழுத்துக்கு மேல இன்னொண்டு, லைட், ஸ்பெஷல் எண்டு ஏதாவது பேர் வச்சு ஒரு வகை. ஆகக் கீழ உள்ள வகைக்கு மைல்ஸ் அப்கிரேட் இல்லை எண்டு கன எயார்லைன் வச்சிருக்கு. உதாரணத்துக்கு சிங்கப்பூர் எயார்லைன்ஸில எக்கனமி லைட் எடுத்தா மைல்ஸால மேல போகேலாது. உங்கடயும் அப்பிடி ஒண்டுதான், அதுதான் அப் முதல்ல விலையக் காட்டி பிறகு கதவைச் சாத்துது. விலைக் கணக்குப் போடுற பக்கத்துக்கு உங்கட ரிக்கெட் என்ன வகை எண்டு தெரியாது, அது சும்மா கொழும்பு ரொறன்ரோ எண்டால் இவ்வளவு எண்டு சொல்லும்.

இதுக்கு வழி இருக்கு. போட்ட ஏஜென்சிக்கே போய் அடுத்த வகைக்கு மாத்திக் கேளுங்கோ, வித்தியாசக் காசும் மாத்துற சார்ஜும் வரும், ரிக்கெட்டைத் திரும்ப அடிப்பினம். நீங்கள் நேர எயார்லைனுக்கு எடுத்தா "ஏஜென்சியில கேளுங்கோ" எண்டுதான் சொல்லுவினம், வீண் கோல். மாத்த முதல் மைல்ஸ் சீட் இருக்கோ எண்டு உறுதியாக் கேட்டுக்கொண்டு மாத்துங்கோ. காசைக் கட்டினாப் பிறகு சீட் இல்லை எண்டா நான் பொறுப்பில்ல.

இனி முக்கியமான விசயம். ஏன் ஓகஸ்ட் 24? கனடாச் சனம் ஜூன் கடைசியில பள்ளிக்கூடம் விட்டோட பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு ஊருக்கு வருது, நிலாவெளியில நிண்டு, யாழ்ப்பாணம் போய் நல்லூர்த் தேர் தீர்த்தம் பாத்து, ஓகஸ்ட் கடைசியில பெட்டி கட்டுது, ஏனெண்டா செப்டம்பர் முதல் கிழமை அங்க பள்ளிக்கூடம். நீங்கள் அம்மாவை ஏத்தப்பாக்கிறது அந்த ஆத்து வெள்ளத்தோட சேர்ந்து. அந்தக் கிழமை கொழும்பிலயிருந்து மேற்கால போற ஒரு விமானத்திலயும் மைல்ஸுக்கு சீட் விடமாட்டாங்கள், ஏன் விடவேணும்? அதே ஜூலை முதல் ரெண்டு கிழமை பாருங்கோ, எல்லாரும் இஞ்சால வாறாங்கள், அங்கால போறது வெறுமையாப் போகுது. திரும்பி வாறதும் அப்பிடித்தான், டிசம்பர் நடுவில வராதேங்கோ, ஜனவரி முதல் கிழமை வாங்கோ, அப்ப சனம் எல்லாம் கனடாவுக்குத் திரும்புற நேரம், எதிர்ப்பக்கம் காலி.

ரெண்டு பறப்புக்கும் அப்கிரேட் போடவும் வேண்டாம். கட்டுநாயக்கா எயார்போர்ட்டிலயிருந்து வளைகுடா அஞ்சு மணித்தியாலத்துக்குள்ள, அதுக்கு 30,000 குடுக்கிறது காசைக் கடலில போடுறது. நீளப் பறப்புக்கு மட்டும் போடுங்கோ.

அம்மாவுக்கு வீல்செயார் போட்டாச்சோ? அதுக்கு காசு இல்ல, மைல்ஸும் வேண்டாம், எக்கனமிக்காரருக்கும் உண்டு, ரிக்கெட்டில முதலே போடுவிச்சா கட்டுநாயக்கா கவுண்டரிலயிருந்து அங்க தங்கச்சி நிக்கிற வாசல் மட்டும் ஒராள் தள்ளிக்கொண்டு போவார், இமிக்ரேஷன் லைனும் மிச்சம். ஆனா கால் நீட்டலாம் எண்டு அவசரக் கதவுப் பக்க சீட் கேக்கவேண்டாம், வீல்செயார் ஆக்களுக்கு அதில இடம் குடுக்கமாட்டினம்.


லண்டனில_ஒரு_திருமலை:

அக்கா சொன்ன எதிர்த்திசைக் கதை நூறு வீதம் சரி, நான் இங்க லண்டனில இருந்து இத ஒரு பொழுதுபோக்கு மாதிரி செய்யிறனான், மனிசி இதுக்கு என்னைக் கழுவி ஊத்துறவ.

எனக்குப் பிடிச்ச பகிடி என்னெண்டா, இந்த விசயத்தில அனுபவசாலி ஆரைக் கேட்டாலும் "சீட் திறக்கிற முதல் நாளே புக் பண்ணு" எண்டுதான் சொல்லுவினம். பிரிட்டிஷ் எயார்வேஸும் சிங்கப்பூர் எயார்லைன்ஸும் 355 நாளைக்கு முந்தித் திறக்கிறாங்கள், பிரிட்டிஷ் எயார்வேஸ் ஒவ்வொரு நீளப் பறப்பிலயும் குறைஞ்சது இத்தின சீட் மைல்ஸுக்கு எண்டு உறுதியும் குடுக்குது, அதால சனம் நடுச்சாமம் முழிச்சிருந்து பிடிக்குது. சரி, உப்புவெளித் தம்பியின்ர கணக்கில போட்டுப் பாப்பம். ஓகஸ்ட் 24க்கு 355 நாள் முந்தி எண்டா போன வருசம் செப்டம்பர் தொடக்கம். அப்ப அந்தப் பிள்ளை வயித்திலயே இல்ல! பேரப்பிள்ளை பாக்கப்போற அம்மம்மா பேரப்பிள்ளை உண்டாக முதல் சீட் பிடிச்சிருக்கவேணும். இந்த விதிகளை எழுதினவன் குடும்பம் குட்டி இல்லாத ஒருத்தனாத்தான் இருப்பான்.

மற்றது பேய் சீட். வெப்சைட்டில சீட் நிக்கும், தெரிவு செய்வீங்கள், பேர் அடிப்பீங்கள், பாஸ்போர்ட் நம்பர் அடிப்பீங்கள், கடைசி பட்டனில பிழை எண்டு வரும், திரும்பப் போய்ப் பாத்தா சீட் அப்பவும் நிக்கும். கூட்டாளி எயார்லைன்ட சீட்டத் தேடேக்க இது கூட. பழைய படத்தைக் காட்டிக்கொண்டு நிக்குது, உண்மையில ஆள் எப்பவோ போயிட்டுது. அப்பிடி வந்தா வேற ஒரு கூட்டாளியின்ர வெப்சைட்டிலயும் அதே நாளைப் பாருங்கோ, அங்கயும் நிண்டாத்தான் நம்பலாம். ஒருக்காலும் சீட்டப் பாக்காம பொயின்ற்ஸ அங்கால மாத்தாதேங்கோ, மாத்தினது திரும்பி வராது. நான் ஒருதரம் கார்ட் பொயின்ற்ஸ் முழுக்க மாத்திப்போட்டு பேய் சீட்டோட ரெண்டு கிழமை மல்லுக்கட்டினன், அந்த மைல்ஸ் இப்பவும் அங்க தூங்குது.

நம்மட ஆக்களுக்கு ஒரு நல்ல விசயம் இருக்கு, கன பேருக்குத் தெரியாது. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாசம் வன்வேர்ல்ட் எண்ட எயார்லைன் கூட்டணியில சேர்ந்தது, கட்டார் எயார்வேஸும் அதே கூட்டணி, அதால ஒண்டின்ர மைல்ஸால மற்றதிலயும் சீட் தேடலாம். கட்டார்காரர் 2022இல, பிரிட்டிஷ் எயார்வேஸ் பாவிக்கிற அவியோஸ் எண்ட மைல்ஸுக்கு மாறினதோட பிரிட்டிஷ் எயார்வேஸ் கணக்குக்கும் அவங்கட கணக்குக்கும் ஒண்டுக்கு ஒண்டு மாத்தலாம், காசில்லாம. அதோட அவியோஸ் 36 மாசத்துக்குள்ள ஏதாவது ஒரு அசைவு இருந்தா செத்துப்போகாது, ஒரு சின்ன வரவு காணும். எமிரேட்ஸ், சிங்கப்பூர் மாதிரி இடங்களில மூண்டு வருசம் எண்டா மூண்டு வருசம்தான், நீங்கள் பறந்தாலும் பழைய மைல்ஸுக்கு ஆயுள் நீளாது. வருசத்தில ஒருக்கா பறக்கிற நம்மளப்போல ஆக்கள் எங்க சேர்க்கிறது எண்டு யோசிக்கேக்க விமானத்தின்ர சாப்பாட்டைப் பாக்காம இதைத்தான் முதல்ல பாக்கவேணும்.

ஆனா மைல்ஸ் எண்டா இலவசம் எண்டு நினைச்சு லண்டன் பக்கம் வராதேங்கோ. இங்கயிருந்து வெளிக்கிட்டா அரசாங்கத்துக்குப் பயணி வரி, மைல்ஸ் ரிக்கெட்டுக்கும் உண்டு, அதுவும் பிஸ்னஸ் கிளாஸில இருந்தா எக்கனமிக்காரன் கட்டுறதிலும் ரெண்டு மடங்குக்கு மேல. அப்கிரேட் பண்ணினாலும் அந்த வித்தியாசத்தை வாங்காம விடமாட்டாங்கள். அதுக்கு மேல எயார்லைன் தன்ர பங்குக்கு ஒரு சார்ஜ் போடும். என்ர மனிசி ஒருக்கா கேட்டவ, இவ்வளவு காசு கட்டினா இதில எதப்பா சும்மா எண்டு. எனக்கு மறுமொழி இல்ல.


கணக்குப்பிள்ளை:

நான் இந்தப் பறக்கிற கூட்டத்தில இல்ல, ஆனா கணக்குப் பக்கமாப் பாத்தா உங்கட வைக்கல் உவமை சரியாத்தான் கிடக்கு எண்டு சொல்ல வந்தன். 70களில கூப்பன் புத்தகம் கையில இருக்கும், சங்கக்கடைக்குப் போனா அரிசி வரேல்ல எண்டுவாங்கள், எங்கட ஐயா சொல்லுவார். புத்தகத்தைக் காச்சிக் குடிக்க ஏலுமோ? இது அந்தக் கதை, ஒரு வித்தியாசம், கூப்பனை அடிக்கிறவனும் கடைக்காரனும் விலை போடுறவனும் ஒரே ஆள்.

மைல்ஸ் எண்டது விமானத்தில போறவனுக்குத் தாற சந்தோசம் எண்டு துவங்கினது, அமெரிக்கன் எயார்லைன்ஸ் 1981இல ஆரம்பிச்சது பெரிசா எடுபட்டு மற்றவையும் பின்னால போனவை. இப்ப அது தனி யாவாரம். எயார்லைன் மைல்ஸை வங்கிக்கு விக்குது, வங்கி அதைக் கார்ட்காரனுக்குக் குடுக்குது. எயார்லைனுக்கு காசு முதலே கைக்கு வந்திட்டுது. அது எவ்வளவு பெரிய காசு எண்டு தெரியவேணும் எண்டா கொரோனா நேரத்தைப் பாருங்கோ. 2020இல விமானம் எல்லாம் தரையில நிக்கேக்க யுனைட்டட் எயார்லைன்ஸ் கடன் எடுக்க ஈடு வச்சது தன்ர மைல்ஸ் திட்டத்தைத்தான், அதுக்கு 21.9 பில்லியன் டொலர் பெறுமதி எண்டு முதலீட்டாளருக்குக் காட்டினது. விமானம் பறக்காத நேரத்திலயும் ஈடு வைக்க ஏலுமான பொருள் எண்டா யோசியுங்கோ.

கணக்கில நீங்கள் வச்சிருக்கிற 1,12,000 அவங்களுக்குக் கடன், பின்னுக்குச் செய்யவேண்டிய சேவை எண்டு எழுதி வச்சிருப்பாங்கள். நீங்கள் பறந்தா அது வருமானமா மாறும். ஒரு பங்கு ஒருநாளும் பாவிக்கப்படாது எண்டு முதலே மதிப்பிட்டு அதையும் வருமானத்தில சேர்ப்பாங்கள். அத்தர் போத்தல் எடுத்த நானா, நீங்கள் குறைஞ்சது ஒரு போத்தலாவது வாங்கினீங்கள் எண்டு சந்தோசப்படுங்கோ.

விலையும் அப்பிடித்தான். அமெரிக்காவில டெல்டா எயார்லைன்ஸ் 2015இல மைல்ஸ் விலைப்பட்டியலையே எடுத்துப்போட்டுது, யுனைட்டட் 2019இல அதே வேலை. அதுக்குப் பிறகு ஒரு சீட்டுக்கு எத்தின மைல்ஸ் எண்டது அண்டைய நாள் கம்பியூட்டர் சொல்லுறது. தம்பிக்கு ரெண்டு மடங்கு கேட்டது அதாலதான். கோர்ட்டுக்குப் போகலாம் எண்டும் நினைக்கவேண்டாம். அமெரிக்காவில ஒரு யூத மதகுரு, கூட முறைப்பாடு சொல்லுறார் எண்டு நோர்த்வெஸ்ட் எயார்லைன்ஸ் அவரைத் திட்டத்தால வெட்டிப்போட்டுது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2014இல மனிசன் தோத்திட்டார். விதிகளில பாருங்கோ, மைல்ஸ் உங்கட சொத்து இல்லை எண்டு எங்கயாவது ஒரு மூலையில எழுதியிருக்கும்.

கடைசியா ஒரு சின்னக் கணக்கு, எல்லாருக்கும் உதவும். காசு விலையில இருந்து நீங்கள் எப்பிடியும் கட்டவேண்டிய வரியைக் கழிச்சு, மிச்சத்தை மைல்ஸால பிரிச்சுப் பாருங்கோ, ஒரு மைலுக்கு எத்தின ரூபா வருது எண்டு தெரியும். சூட்கேஸ், அத்தர், கேத்தில் எதுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கோ, சிரிப்பு வரும்.


மட்டிக்களி_மச்சான்:

இப்ப விளங்குது மாமா ஏன் அந்த சூட்கேஸை ஒருத்தருக்கும் இரவல் குடுக்கிறேல்ல எண்டு.


உப்புவெளிக்காரன்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரெண்டு கிழமையாப் பேசாம இருந்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஓடித்திரிஞ்சனான்.

அக்கா சொன்னதைப்போல தங்கச்சியோட கதைச்சன். முதல்ல ஜூலையில வந்து என்னம்மா செய்யிறது எண்டாள், பிறகு கடைசி ரெண்டு மாசம் சமைச்சுத்தர ஆள் வருது எண்டோட சரி எண்டிட்டாள். விசாவில ஆறு மாசம் நிக்கலாம், அப்ப ஜூலை 8 போய் ஜனவரி 5 திரும்புறது எண்டு பாத்தம். திகதியை மாத்திப் பாத்தா நம்பமாட்டீங்கள், அதே எயார்லைன், அதே ரொறன்ரோ, மைல்ஸுக்கு சீட் கிழமையில நாலு நாள் நிக்குது. மூண்டு மாசமா நான் ஓகஸ்ட் 24ஐயே சுத்திச்சுத்தி அமத்திக்கொண்டு இருந்திருக்கிறன், 20, 22, 26 எண்டு. மடையன்.

பிறகு ஏஜென்சியில போய் நிண்டன். பெடியன் பாவம், அண்ணை நீங்கள் முதலே சொல்லியிருந்தா இந்த வகையப் போட்டிருப்பன் எண்டான். வித்தியாசமும் சார்ஜும் சேர்த்து வலிக்கிற காசுதான், பிஸ்னஸ் கிளாஸ் முழு விலையோட பாத்தா தூசு. அடுத்த கரைச்சல் அம்மாவின்ர பேர். என்ர கணக்கில அம்மாவை குடும்ப ஆள் எண்டு சேர்க்கவேணும், அம்மாவின்ர பாஸ்போர்ட்டில அப்பான்ர பேர் குடும்பப் பேர் எண்ட இடத்தில கிடக்கு, ரிக்கெட்டில அது முன்னுக்குப் பின்னா அடிபட்டிருக்கு, கணக்கில நான் எப்பவோ ஒரு எழுத்து முதலெழுத்தா மட்டும் போட்டு வச்சிருக்கிறன். மூண்டும் மூண்டு மனிசர் எண்டு கம்பியூட்டர் நினைக்குது. ஒரு எழுத்துக்காக மூண்டு கோல், ஒரு ஈமெயில், பாஸ்போர்ட் படம், என்ர பிறப்பத்தாட்சிப் பத்திரம். நம்மட பேர் வைக்கிற முறைக்கும் இவங்கட பெட்டிகளுக்கும் ஒருநாளும் சரிவராது.

நேற்று பின்னேரம் நீளப் பறப்புக்கு மட்டும் 68,000 குடுத்து உறுதியாச்சுது. கொழும்பிலயிருந்து வளைகுடாவுக்கு எக்கனமி, வீல்செயாரும் போட்டாச்சு. அம்மாட்டப் போய்ச் சொன்னன், படுத்துக்கொண்டு போகலாம் அம்மா எண்டு. மனிசி கொஞ்ச நேரம் யோசிச்சிட்டுக் கேக்கிறா, எல்லாரும் பாக்க நான் எப்பிடியடா படுக்கிறது எண்டு.


ஓர்ஸ்ஹில்_அக்கா:

நல்ல விசயம் தம்பி. ஒரு போர்வையும் தடுப்பும் இருக்கும் எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ. மிச்சம் 44,000 இருக்கெல்லே, ஜனவரிப் பறப்புக்கு இப்ப தொடாதேங்கோ, வெயிட் லிஸ்ட்டும் வேண்டாம். போறதுக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க திரும்பப் பாருங்கோ, விக்காம மிஞ்சின சீட்டை அந்த நேரம்தான் அவங்கள் திறந்துவிடுறது. முழுசாக் காணாது எண்டா கொஞ்சம் மைல்ஸ் வாங்கிச் சேர்க்கலாம், ஆனா கணக்குப்பிள்ளை சொன்ன கணக்கைப் போட்டுப்போட்டு வாங்குங்கோ.

ரிக்கெட்டைத் திரும்ப அடிச்சா வீல்செயாரும் சாப்பாடும் சிலவேளை பழைய ரிக்கெட்டோட போயிடும், சைவச் சாப்பாடு போட்டிருந்தா அதையும் ஒருக்கா பாருங்கோ. கன பேருக்கு நடந்திருக்கு.


உப்புவெளிக்காரன்:

அக்கா, இப்பதான் பாத்தன், சைவச் சாப்பாடு காணேல்ல. வீல்செயார் நிக்குது. நாளைக்கு காலம எடுக்கிறன்.


கிண்ணியா_நானா:

அல்ஹம்துலில்லாஹ். தம்பி, வான் புடிச்சாச்சா? எங்கட மச்சான்ட ஒன்டு இருக்கு, சீட் பின்னால சாயும், கந்தளாய் ஹபரணை தம்புள்ள குருநாகல் பாதையால ஆறு மணித்தியாலத்துல கட்டுநாயக்காவுல விடுவான். இரவு ரயில் என்டா உம்மாக்கு ஏறி இறங்குறது கஷ்டம். ஃப்ளைட் எத்தின மணிக்கு?


உப்புவெளிக்காரன்:

விடிய நாலரைக்கு நானா. வான் வேணும், நம்பரை உள்பெட்டிக்கு அனுப்புங்கோ. மைல்ஸ் எடுப்பாரோ எண்டும் ஒருக்கா கேட்டுப் பாருங்கோ.


கிண்ணியா_நானா:

கேட்டன். 44,000த்துக்கு தம்புள்ளயில ஒரு பிளேன்டீ வாங்கித் தாறானாம்.